பீடித்தட்டும் மடிக்கணினியும்

ஆனி பிறந்துவிட்டால் கீழப்பாவூரில் மேற்குப் பார்த்த சன்னலைத் திறந்துவைக்க முடியாது. செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து வழிவிடுகிற ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்துச் சாரலில் கொஞ்சத்தையும் அள்ளிக்கொண்டு தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் என்று சமவெளியெங்கும் வீசும். புரட்டாசி வரை அடங்காது. தோப்பில் தென்னை மட்டை விழும். ஓட்டுவீட்டில் ஓடு நகரும். தொய்ந்து கிடக்கும் மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி தட்டும். ஐப்பசியில் காற்று திசை மாறி, வடகிழக்கு மழை இடியும் மின்னலுமாக இறங்கும். கடற்கரை ஊர்களைப் போலப் புயல் நேராக வந்து மோதும் இடம் இது இல்லைதான். ஆனாலும் வருஷத்தில் பாதிக்கு மேல் காற்றோடும் மின்னலோடும் குடித்தனம் நடத்துகிற ஊர்.

இப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை செய்து பிழைப்பவர்கள், கரண்டு போன ராத்திரியை எப்படித் தாண்டினார்கள், இப்போது எப்படித் தாண்டுகிறார்கள் என்று எழுத உட்கார்ந்தால், கதையை 2020-ல் தொடங்க முடியாது. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு வீடு வந்து சேர்ந்தபோது, ‘வீட்டிலிருந்து வேலை’ என்பதை நாட்டில் எல்லோரும் புதுசாகப் பேசினார்கள். கீழப்பாவூரில் அந்தப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த திண்ணைகளிலும் பட்டாசாலைகளிலும் அவர்களுடைய அம்மாவும் ஆச்சியும் பல பத்தாண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மடியில் ஒரு தட்டு, தட்டில் இலை, தூள், நூல், கத்தரி. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும், முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று, லட்சக்கணக்கான பெண்கள் பீடி சுற்றியே குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார்கள். சொக்கலால் பீடி பிறந்த முக்கூடல் இங்கிருந்து தூரமில்லை.

அந்த வேலையின் நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் காற்றும் மழையும் அதை என்ன செய்தன என்பது விளங்கும். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிறது. பீடிக்கடையில் இலையையும் புகையிலைத் தூளையும் எடைபோட்டு வாங்கி வரவேண்டும். இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து பதப்படுத்தி, தகட்டு அளவு வைத்து ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். பிறகு தூளை இட்டுச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கவேண்டும். கை பழகிய பெண் நாளொன்றுக்கு ஆயிரம் வரை சுற்றுவாள். கூலி, நேரத்துக்குக் கிடையாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். கடையில் சோதித்து, கோணல் என்றும் ஈரம் என்றும் கழித்தது போக மிச்சத்துக்குத்தான் கணக்கு.

காற்றுக் காலத்தில் முதல் எதிரி வறட்சி. மேல்காற்று அடித்தால் பதமான இலை காய்ந்து முறுகி, சுற்றும்போதே கிழியும். கொடுத்த இலைக்கு இத்தனை பீடி வரவேண்டும் என்பது கடையின் கணக்கு. கிழிந்த இலைக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள். கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கி ஈடுகட்டுவாள். தூள் பறக்கும் என்பதால் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். அந்தத் தூசி நேராக நெஞ்சுக்குள் போகும். பீடிப் பெண்களின் இருமலைப் பற்றி மருத்துவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதில் காற்றுக்குப் பயந்து அடைத்த கதவுக்கும் ஒரு பங்கு உண்டென்று நான் நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர்ச் சங்கடம்: சுற்றிய பீடி காயாது, பூசணம் பிடிக்கும், கடையில் கழிபடும். ஆடியில் காய்ந்ததற்கும் ஐப்பசியில் நனைந்ததற்கும் நஷ்டம் சுற்றியவளின் தலையில்தான் வந்து விடிந்தது. கடை நனையவில்லை.

வெளிச்சத்தின் கதை தனி. தாமிரபரணித் தண்ணீரில் பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1944-ல். சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது 1957-ல். காமராஜர் காலத்தில் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள் என்றாலும், கம்பம் ஊருக்கு வந்த நாளும் கம்பி வீட்டுக்குள் வந்த நாளும் ஒன்றல்ல; இடையில் பல வருஷம் ஓடியிருக்கிறது. அதுவரைக்கும், ஏன், அதற்குப் பிறகும், காற்றுக் காலத்து ராத்திரிகளுக்குச் சிம்னியும் அரிக்கேனும்தான். பீடி சுற்றுவதில் ஒரு விசேஷம்: இலை வெட்டத்தான் கண் வேண்டும், சுற்றுவதற்கு விரல் போதும். அதனால் வெளிச்சமுள்ள பகலில் வெட்டி முடித்து, இருட்டியபின் சுற்றுவதை வைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு அரிக்கேனை நடுவில் வைத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய் மிச்சம், பேச்சுக்கும் துணை. பொறி விழுந்து தூளோ இலையோ பற்றிக்கொள்ளாமல் விளக்கைத் தள்ளி வைக்கும் அளவும் அவர்களுக்குத் தெரியும். கரண்டு போனதென்று ஒரு நாள் கூலியை அவர்கள் இழந்ததில்லை. அந்த மண்ணெண்ணெய்க்கு யார் காசு கொடுத்தது என்றுதான் யாரும் கேட்டதில்லை.

சட்டம் ஒரு காலத்தில் இந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தது. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் அதற்குள் வந்தார்கள். வருங்கால வைப்பு நிதி இவர்களுக்கும் உண்டா, வீட்டில் இருக்கிறவள் எப்படித் தொழிலாளி ஆவாள் என்று முதலாளிகள் வழக்காடியபோது, பி.எம். பட்டேல் நிறுவன வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேலை நடக்கும் இடம் வீடாக இருந்தாலும் அவர்கள் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களே. பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தையும் பி.எஃப். சீட்டையும் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்து, மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை எடுத்த அம்மாக்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் நிறையப் பேர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் உரிமையைப் பற்றி இன்று பேசுகிற கணினிக்காரர்கள், தங்களுக்கு முன்னால் அந்த உரிமையைப் பெற்றவர்கள் பீடிப் பெண்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மழை வருவதை அப்போது எப்படி அறிந்தார்கள்? மேகத்தைப் பார்த்து, மலையைப் பார்த்து. பிறகு வானொலியைக் கேட்டு. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபின், தூத்துக்குடித் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது கடலையே பார்க்காத கீழப்பாவூர்த் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போதும். வீட்டுக்குள் கரண்டு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. பின்னாளில் ஒன்றிரண்டு வீடுகளுக்கு வந்த தொலைபேசியும் அப்படித்தான். எக்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் செம்புக் கம்பி வழியாக வந்துவிடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் ‘ங்ங்’ என்று சத்தம் கேட்கும். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து அம்பாசமுத்திரம் பக்கத்தைச் சூறையாடிய நாட்களில் சேதி தெரிந்துகொள்ள இந்த இரண்டும்தான் கதி.

பிறகு வந்ததுதான் நம்மில் பலர் மறக்க விரும்புகிற காலம். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். சுரண்டையிலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, அதன் நிழல் விழும் தெருவில் மின்விசிறி நின்று கிடந்தது. அப்போதே தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7,000 மெகாவாட் காற்றாலை இருந்தது. ஆனால் காற்று அடிக்கும் மாதங்களில் கிடைக்கும் அவ்வளவையும் சுமந்துபோக மின்பாதை போதவில்லை. காற்று ஓய்ந்த மாதங்களில் வடக்கிலிருந்து வாங்கிவரவும் வழி குறுகலாக இருந்தது. தென்னகத்தின் மின்தொகுப்பு அதுவரை நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு முழுமையாக இணையாமல் தனியாக நின்றதுதான் காரணம். (அந்தத் தனிமையால் ஒரு நன்மையும் கிடைத்தது. 2012 ஜூலை 30, 31-ல் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் அறுபது கோடிப் பேரை இருட்டில் தள்ளிய பெரும் மின்தடை நம்மைத் தொடவில்லை.) 2013 அக்டோபரில் கூடங்குளத்து முதல் உலை மின்தொகுப்பில் சேர்ந்தது. அந்த வருஷத்தின் கடைசி நாளில் ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியே தென்னகம் மற்ற இந்தியாவோடு இணைந்தது. 2014 ஜூனில் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள்.

அந்த மின்வெட்டுக் காலத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று இரண்டு இலவசத் திட்டங்கள் ஒன்றாகத் தொடங்கின. வீட்டுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினி. கரண்டு இல்லாத வீட்டில் விசிறி சும்மா நின்றது. மடிக்கணினி மட்டும் உள்ளே இருந்த பேட்டரியில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியது. பீடித்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டு வரும் ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றி, போகும் ஒரு மணி நேரத்தில் தட்டிப் பழகிய பிள்ளைகள் நாலைந்து வருஷத்தில் பொறியியல் முடித்து வெளியே போனார்கள். ஊரடங்கில் திரும்பி வந்தவர்கள் அவர்களும் அவர்களுக்குப் பின்னால் படித்தவர்களும்தான். கரண்டு உள்ளபோதே வேலையை ஒப்பேற்றிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை அவர்களுக்கு எந்தக் கம்பெனியும் சொல்லித் தரவில்லை. மின்வெட்டு சொல்லித் தந்தது.

ஊரடங்குக்கு முன்பே தென்காசிப் பக்கத்தில் ஒரு விதை விழுந்திருந்தது. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-ல் இங்கே சிறிய அளவில் ஒரு அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிற்பாடு குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அடுத்த வருஷமே ஊரடங்கு. 2020 நவம்பரில் மத்திய அரசு, கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யவிடுவதற்கு இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. கிராமத்தில் இருந்தபடியே நகரத்துச் சம்பளம் என்பது அதன்பின் ஒரு நிரந்தர வழியாகவே ஆகிவிட்டது. கீழப்பாவூர்ப் பேரூராட்சித் தெருவில் இன்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாடி அறையில் விளக்கு எரிந்தால், அங்கே அமெரிக்காவுக்குப் பகல் நடந்துகொண்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

“யம்மா, கரண்டு போயிட்டு.”

“இன்வெர்ட்டரு இருக்குல்லா?”

“நெட்டும் போயிட்டும்மா. கம்பத்துல மட்டை விழுந்திருக்கு போல.”

காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பீடித்தட்டுக்கு வேண்டியது ஒரு விளக்கு. மடிக்கணினிக்கோ மூன்று சங்கதிகள் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும்: வீட்டு மின்சாரம், கண்ணாடி இழை, மறுமுனையில் அந்த இழைக்கு உயிர் கொடுக்கும் கேபிள்காரரின் அறை. இழைக்குள் ஓடுவது வெளிச்சம். அந்த அறைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவையில்லை. இது பெரிய நன்மை. மின்னல் இறங்கினால் பழைய செம்புக் கம்பி வழியாக வந்து மோடத்தைச் சுட்டுவிடும் தொல்லையும் இதில் குறைவு. ஆனால் அந்த இழை வருவது அதே மின்கம்பத்தில், அதே தென்னந்தோப்புக்கு நடுவே. ஒரு மட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்து அறும். மின்சாரம் நாலு மணி நேரத்தில் வந்துவிடும். அறுந்த இழையை ஒட்டக் கருவியும் ஆளும் வந்துசேர ஒரு நாள்கூட ஆகும். கைப்பேசிக் கோபுரமும் சில மணி நேரம் பேட்டரியில் ஓடி, பிறகு டீசலை எதிர்பார்க்கும். பழைய தொலைபேசிக்கு இருந்த அந்தச் சுதந்திரம் இந்தக் காலத்தில் எந்தக் கருவிக்கும் இல்லை.

இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போடுவதில்லை என்பது என் ஆதங்கம். வழக்கமாக வீட்டில் வைப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட் மணி. தேய்மானமும் இழப்பும் போக 1,200 கைக்கு வந்தால் நல்லது. மடிக்கணினிக்கு 60 வாட், ரவுட்டருக்கு 10, எல்.இ.டி. விளக்குக்கு 9, பழைய மின்விசிறிக்கு 75 என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். விசிறியைப் புதுவகை பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் அதற்கு 30 வாட் போதும், பதினோரு மணி நேரம் கிடைக்கும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட ஒரு விசிறியை மாற்றுவது சுளுவு. ஈய அமில பேட்டரி முழுதாக ஏற ஒரு ராத்திரி முழுக்க வேண்டும் என்பதையும் பலர் நினைப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் கரண்டு போய்ப் போய் வந்தால் இரண்டாம் நாள் மாலையில் அது கைவிட்டுவிடும். இன்னொன்று: மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ இரண்டு மூன்று நிமிஷமாகும். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கையில் அந்த மூன்று நிமிஷம் நீளமானது. இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ். என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினாலோ, ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தாலோ தீர்ந்தது.

அதைவிட ஆபத்தானது காற்றில் நியூட்ரல் கம்பி அறுவது. அது அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்குப் பாய்ந்துவிடும். ஒரே தெருவில் பத்து வீட்டு டி.வி. ஒரே நேரத்தில் புகைவது அதனால்தான். விளக்கு திடீரென்று கண்கூசும்படி எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும். இடி இறங்கும் ஐப்பசி மாலையில் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்பேட்டரியில் ஓட்டுவது நல்லது.

2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக் கிடந்தார்கள். குற்றாலத்து மலையில் பிறந்து இந்தப் பக்கத்துக் குளங்களை நிரப்பிப் போகும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தப் பெருவெள்ளத்தில் அதன் பங்கும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. எட்டு மணி நேர இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு அப்படி ஒரு மழையைக் கடக்க முடியாது. வேலையை நிறுத்துவதுதான் வழி. அந்த நாட்களை விடுப்பாகக் கழிக்காமல், பேரிடர் நாட்களாகக் கணக்கில் எடுக்க நிறுவனங்கள் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். மாவட்ட ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கும் நாளில், அந்த மாவட்டத்தில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் அது பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்குத் தென்காசி மழை தெரியாது. காகிதத்தில் இருந்தால் தெரியும்.

செலவு விஷயத்திலும் நாம் வெகுதூரம் பின்னால் நிற்கிறோம். 2022 தொடக்கத்தில் அமலுக்கு வந்த போர்ச்சுகல் நாட்டுச் சட்டம், தொலைவிலிருந்து வேலை செய்பவருக்குக் கூடுதலாக ஆகும் மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லை. நல்ல மனமுள்ள நிறுவனம் ஒரு தொகை கொடுக்கும், மற்றவை கொடுக்காது. இன்வெர்ட்டர், பேட்டரி, இரண்டாவது இணைய இணைப்பு எல்லாம் வேலை செய்பவரின் கைக்காசு. ஆடிக்காற்றில் கிழிந்த இலைக்கு அம்மா வெளியே இலை வாங்கி ஈடுகட்டியதை, மகன் இப்போது பேட்டரி வாங்கிச் செய்கிறான்.

சூரியத் தகட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. கூரையில் தகடு வைத்துவிட்டால் கரண்டு போனாலும் வீடு ஓடும் என்று நம்பிப் பலர் வைக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணைந்த அமைப்பு, வெயில் சுள்ளென்று அடித்தாலும், கரண்டு போன கணமே தானாக நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது: கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் கையில் நம் கூரை மின்சாரம் பாயக்கூடாது. இருட்டிலும் வேலை ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்க வேண்டும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அடித்து, மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த போர்ட்டோ ரிக்கோவில், அட்ஹுந்தாஸ் என்ற மலையூரில் காசா புவேப்லோ என்ற அமைப்பின் கட்டடம் மட்டும் சூரியத் தகட்டாலும் பேட்டரியாலும் வெளிச்சமாக இருந்தது. ஊர்க்காரர்கள் மருத்துவக் கருவிக்கும் கைப்பேசிக்கும் அங்கே வந்து மின்சாரம் எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பேட்டரி சேர்ப்பதைவிட, ஊருக்கு ஒரு பொது அறை என்ற அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரே அரிக்கேனை வைத்துச் சுற்றி உட்கார்ந்த பெண்களுக்கு இந்த யோசனையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்காது. 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போல, படிக்கவும் வேலை பார்க்கவும் இடமுள்ள ஒரு கூடம், பேட்டரியோடு, இரண்டு வெவ்வேறு வழியில் வரும் இணையத்தோடு, பாவூர்சத்திரத்தில் அமைந்தால் சுற்றியுள்ள அத்தனை ஊருக்கும் பயன்படும்.

லைன்மேன் என்றேனே, அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூனில் மின்னகம் என்ற குறைதீர் மையம் வந்தபின், எங்கிருந்தும் புகார் சொல்ல முடிகிறது, நல்லதுதான். ஆனால் புகார் போய்ச் சேரும் இடம், கொட்டும் மழையில் ஏணியைத் தோளில் வைத்து நிற்கும் இரண்டு மூன்று பேர். லைன் கிளியர் வாங்காமல், எர்த் கம்பி போடாமல் ஏறினால் உயிர் போகும். அவசரப்படுத்தினால் ஆபத்து அவர்களுக்கு. “எப்பம் வரும்ணே?” என்று அரை மணிக்கொரு தரம் போன் போடுவதை நிறுத்துவது நம்மால் முடிகிற காரியம். கீழப்பாவூர் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் வரும் அறிவிப்பைப் பலர் எரிச்சலோடு படிக்கிறார்கள். அந்த நாளில்தான் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிறார்கள். அன்றைக்கு அறிவித்துவிட்டுப் போகும் சில மணி நேரம், ஆடி மாதத்தில் அறிவிக்காமல் போகும் பல மணி நேரத்தைக் காப்பாற்றித் தருகிறது. அந்த வேலை வைகாசிக்குள் முடிய வேண்டும். தென்னந்தோப்பு வழியாகப் போகும் வெற்றுக் கம்பிகளை மாற்றி, உறையிட்ட கம்பிகளை முறுக்கி இழுக்கும் ஏ.பி. கேபிள் போட்டால், மட்டை உரசினாலும் லைன் டிரிப் ஆகாது. எல்லாத் தெருவுக்கும் வேண்டாம், மட்டை விழும் தோப்புகளுக்கு மட்டும் முதலில் போட்டாலே பாதி தீரும். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மின்சாரத்தை விளைவிக்கும் அதே காற்று தெருக்கோடியில் அதை அறுத்துவிடுகிறது. உற்பத்திக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்கைத் தெருக்கம்பிக்கும் கொடுக்கச் சொல்லி ஊர்கள் கேட்க வேண்டும்.

பீடி இன்னும் நிற்கவில்லை. 2017-ல் 28 சதவீத வரி விழுந்தது, புகைக்கிறவர்கள் குறைந்தார்கள், கடையில் வாரத்துக்குக் கொடுக்கும் இலையும் குறைந்தது. பெண்கள் நூறுநாள் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போனார்கள். போக முடியாத வயதில் இருப்பவர்கள் தட்டை விடவில்லை. மகள் மாடியில் மடிக்கணினியோடு, அம்மா கீழே தட்டோடு என்று, இரண்டு வீட்டுவேலையும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கும் வீடுகள் இங்கே உண்டு. அந்த வீடுகளில் ஒன்றைக் கவனித்தேன்: இன்வெர்ட்டர் லைன் மாடி அறைக்கு மட்டும் போயிருக்கிறது. கரண்டு போனால் அம்மா இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறாள், பழைய அரிக்கேனும் இப்போது இல்லை, ரேஷன் மண்ணெண்ணெயும் இல்லை. வயரிங் போடும் எலக்ட்ரீஷியனிடம் அம்மா உட்காரும் இடத்துக்கு ஒரு விளக்குப் பாயின்ட், ஒரு விசிறிப் பாயின்ட் இன்வெர்ட்டரிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள். 9 வாட்டும் 30 வாட்டும்தான். பேட்டரி தாங்கும்.